புன்னைக்காயலில் பிறந்த புனிதர்கள்

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் மொத்தமே 16 பக்கம். 'தம்பிரான் வணக்கம்' என்ற அந்தச் செபப் புத்தகம் 1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் அச்சாகி முடிந்தது. ஆக்கியவர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். முகப்பில் அவர் பெயர் அண்டிறிக்கிப் பாதிரியார் என்று இருக்கிறது. எட்டு வருடம் கழித்து, 1586இல், அதே மனிதர் முத்துக்குளித்துறையில் இன்னொரு புத்தகம் போட்டார். அது 669 பக்கம். 'புளோஸ் சாங்க்டோரும்' என்று பெயர். கிறிஸ்தவப் புனிதர்களின் வாழ்க்கைக் கதைகளை வரிசையாகச் சொல்லும் புத்தகம்.

இடையில் இரண்டு புத்தகங்கள் உண்டு. 1579 நவம்பரில் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' வேதபாடத்தைக் கேள்வி பதிலாகச் சொன்னது. 1580இல் வந்தது பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைச் சொன்னது. செபம், பாடம், பாவம் மூன்றையும் முடித்துக்கொண்டுதான் மனிதர் கதைக்கு வந்திருக்கிறார். வந்த பிறகு நிறுத்த மனம் வரவில்லை போலும்.

அப்போது அவருக்கு வயது 66. தாய்மொழி போர்த்துக்கீசியம். தமிழிலோ கதையை உரைநடையில் இவ்வளவு நீளமாகச் சொல்லும் வழக்கம் அரிதாக இருந்த காலம் அது. புராணம் என்றால் பெரும்பாலும் செய்யுள். உரைநடை என்றால் பெரும்பாலும் செய்யுளுக்கு எழுதிய உரை, இல்லாவிட்டால் கல்வெட்டு. அப்படியிருக்க, தாமிரபரணி கடலில் விழும் இடத்தில் இருக்கும் ஒரு மீனவர் ஊரில், 669 பக்கத்துக்குப் புனிதர்கள் எதற்கு? அச்சுக்கூடம் புன்னைக்காயலில் இருந்தது என்பது அந்த ஊரின் பெருமை. தூத்துக்குடியில் என்று சொல்பவர்களும் உண்டு. எதுவானாலும் ஒரே கரைதான்.

பதில் வேண்டுமானால் அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

இந்தக் கரைக்கு முதலில் வந்தது திருமுழுக்கு. போதனை பிறகுதான் வந்தது. 1530களின் தொடக்கத்தில் முத்துச் சலாபம் யார் கையில் என்பதில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் சண்டை மூண்டு, இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தியது. அந்த நெருக்கடியில் ஜோவான் த குருஸ் என்ற ஒருவர் பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு வழி சொன்னார். கோழிக்கோட்டுப் பக்கத்துக்காரர், லிஸ்பனுக்குப் போய்க் கிறிஸ்தவரானவர், குதிரை வியாபாரி. போர்த்துக்கீசியர் மதத்தை ஏற்றுக்கொண்டால் அவர்கள் கப்பல் காவலுக்கு வரும் என்பது அவர் யோசனை. பரதவர் தூது கொச்சிக்குப் போயிற்று. கப்பலும் வந்தது, குருமாரும் வந்தார்கள். 1536, 1537 ஆண்டுகளில் வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று கரை நெடுகச் சுமார் 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள்.

காவல் கிடைத்தது. முத்துப் பார்கள் மறுபடி கைக்கு வந்தன. ஆளுக்கொரு புதுப் பெயரும் வந்தது. அந்தோனி, பேதுரு, தோமா, மிக்கேல், மரியா. அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் யார், எந்த ஊர், என்ன பாடுபட்டார்கள் என்று எடுத்துச் சொல்லத்தான் கரையில் ஆளில்லை. பெயர் வைத்த குருமார்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். ஒரு கரை முழுக்கப் புனிதர்களின் பெயரைச் சுமந்துகொண்டு, அவர்களுடைய கதை தெரியாமல் இருந்தது. என்னைக் கேட்டால், 1586ஆம் வருடத்துப் புத்தகத்தின் விதை விழுந்தது அங்கேதான்.

பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில் வந்தபோது நிலைமை இதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அரைகுறையாகத் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, செபங்களைத் தமிழாக்கி, அதைத் தானும் மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தமிழில் பிழைகள் இருந்தன. பின்னால் ஹென்ரிக்கஸ் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் சவேரியார் செய்த ஒரு காரியம் நின்று பயன் தந்தது. ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். குரு இல்லாத நாட்களில் செபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக் கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்கள் சம்பளத்துக்குப் பணம் வந்த வழி சுவையானது. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் வசூலாகிக்கொண்டிருந்தது. சவேரியார் அதைக் கேட்டு வாங்கிவிட்டார். மோட்சத்துக்கு ஏறிப்போக இந்தப் பிள்ளைகளின் வேதபாடத்தைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்கிற பொருளில் எழுதிக் கேட்டாராம்.

ஏறத்தாழ இரண்டு வருடத்தில் அவர் இங்கிருந்து நகர்ந்துவிட்டார். 1547இல் வந்த ஹென்ரிக்கஸ் நகரவில்லை. சாகும்வரை இந்தக் கரைதான்.

அவர் கதையே ஒரு புத்தகத்துக்குத் தகும். 1520இல் போர்த்துக்கல்லின் விலா விசோசாவில் பிறந்தார். முன்னோர் யூதர்கள். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவரை, வம்சம் தெரியவந்ததும் அங்கே வைத்துக்கொள்ளவில்லை. கொயிம்ப்ராவில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அதன் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார் ரத்தம் பார்த்து ஆள் சேர்க்கிறவர் இல்லை. அடுத்த வருடமே ஹென்ரிக்கஸ் கோவாவுக்குக் கப்பலேறினார்.

தமிழை அவர் கற்ற விதம் இன்றும் மொழியியல் படிப்பவர்கள் பேசுகிற விஷயம். லத்தீன் இலக்கணத்தைச் சட்டமாக வைத்துக்கொண்டு, வினைச்சொல் காலத்துக்கும் இடத்துக்கும் எப்படி உருமாறுகிறது என்று கரைக்காரர்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு எழுதினார். கொஞ்ச காலத்திலேயே துபாஷியை விட்டுவிட்டுத் தானே பிரசங்கம் செய்யத் தொடங்கினார். 1548 அக்டோபர் கடைசியில் வேம்பாற்றிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் விவரித்திருக்கிறார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் கையெழுத்துப் படியாக லிஸ்பனில் கிடந்து, ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் இருவர் உழைப்பில் 2013இல்தான் ஆங்கிலத்தில் முழுதாக வெளிவந்தது. ஏட்டுத் தமிழை அவர் அறியாதவரல்லர். ஆனாலும் அவர் பிடித்துவைத்தது மணலில் நின்று பேசுகிற தமிழ். அதற்காகவே அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் அந்தோனியோ கிரிமினாலியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இத்தாலியர். ஹென்ரிக்கஸுக்கு ஒத்த வயது, இந்தக் கரையில் அவருக்குத் தலைவர். மண்டபம் பக்கத்தில் வேதாளையில் ஒரு சிறிய போர்த்துக்கீசியக் காவல் இருந்தது. இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களை வழிமறித்து அவர்கள் வரி பிடுங்கினார்கள். அதன் பலனாக 1549இல் வடுகர் படை வந்து விழுந்தது. போர்த்துக்கீசியக் காவலர்கள் தோணிக்கு ஓடினார்கள். கிரிமினாலியும் ஓடியிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் தோணியில் ஏற்றிவிட்டுப் பிறகு போகலாம் என்று கரையிலேயே நின்றார். ஈட்டியில் குத்துண்டு செத்தார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி என்று அவரைச் சொல்வார்கள். வரி பிடுங்கியவர்கள் பிழைத்தார்கள், அதில் சம்பந்தமே இல்லாதவர் செத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் இடத்துக்குச் சபையினர் தேர்ந்தெடுத்தது ஹென்ரிக்கஸை. 1576 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அவரும் பிடிபட்டுச் சிறையிருந்து மீண்டார்.

ஆக, இரத்தசாட்சி என்றால் என்ன என்று அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கரைக்காரர்களுக்கும் அப்படியே. 1544இல் எதிர்க்கரையில், மன்னாரில், கிறிஸ்தவரான சுமார் 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டிக் கொன்றிருந்தான். மன்னாரும் முத்துக் கடல்தான். இங்கே இருப்பவர்களுக்கு அங்கே உறவு உண்டு. விசுவாசத்துக்காகச் சாவது என்பது ரோமாபுரியில் எப்போதோ நடந்த சங்கதி இல்லை, தோணியில் போய்ச் சேருகிற தூரத்தில் நடந்தது.

அப்படிப்பட்ட சனங்களுக்கு வேதபாடக் கேள்வி பதில் எவ்வளவு தூரம் உதவியிருக்கும்? திரித்துவம் என்றால் என்ன, தேவ அருள் என்றால் என்ன என்று கரையில் யாரும் போய்க் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது வேறு. முத்துக் குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான். மேலே தோணியில் அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று தூத்துக்குடியில் சொல்வார்கள். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்று அவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். புனிதர் என்பவர் இந்தக் கரைக்கு அந்த மச்சான்தான். ஒரு காலத்தில் நம்மைப்போலவே மூச்சடக்கி முங்கியவர், இப்போது மேலே இருந்து கயிறு பிடிக்கிறவர். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் கயிற்றை அவர் கையில் கொடுப்பது எப்படி?

அதிலும் இயேசுவின் முதல் சீடர்கள் பேதுருவும் அந்திரேயாவும் வலை போடுகிறவர்கள். யாக்கோபும் யோவானும் தகப்பனோடு தோணியில் உட்கார்ந்து வலையைச் செப்பனிட்டவர்கள். கடற்கரை ஊரில் இதைக் கதையாகச் சொன்னால் விளக்கவுரை வேண்டாம். இராமுழுக்க வலை போட்டும் ஒன்றும் படாத நாள் எப்படி இருக்கும் என்று கேட்கிறவனுக்கு, சொல்கிற பாதிரியாரைவிட நன்றாகத் தெரியும்.

ஹென்ரிக்கஸுக்குக் கதையின் மேல் நம்பிக்கை வர இன்னொரு காரணமும் உண்டு. அவர் சபையே ஒரு கதைப் புத்தகத்தில்தான் முளைத்தது. 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டைப் போரில் இஞ்ஞாசியாரின் காலைப் பீரங்கிக் குண்டு பிளந்தது. அப்போது அவர் துறவி இல்லை. வாள், மீசை, அரண்மனை, பெண்கள் என்று அலைந்த போர்வீரர். வீட்டில் படுக்கையில் கிடந்தவர் பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அது இல்லை. கிடைத்தவை இரண்டு. ஒன்று கிறிஸ்துவின் வாழ்க்கை, மற்றது புனிதர்களின் கதை. வேறு வழியில்லாமல் படித்தார். பிரான்சிஸ் இதைச் செய்தாரே, தோமினிக் அதைச் செய்தாரே, நான் ஏன் செய்யக் கூடாது என்று படுக்கையில் கிடந்தபடியே யோசித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். போர்வீரனுக்குரிய போட்டி மனசுதான் அதிலும் வேலை செய்திருக்கிறது. அந்தப் போட்டியில்தான் இயேசு சபை பிறந்தது.

அவர் படித்தது, ஜெனோவா பேராயராக இருந்த யாக்கோபு த வொராஜினே 13ஆம் நூற்றாண்டில் லத்தீனில் தொகுத்த 'லெகெந்தா ஆவ்ரியா'வின் ஸ்பானிய வடிவம். அச்சு வருவதற்கு முந்திய ஐரோப்பாவில் அவ்வளவு தூரம் படியெடுக்கப்பட்ட புத்தகங்கள் குறைவு. இன்றைக்கும் அதன் கையெழுத்துப் படிகள் ஆயிரம் அளவில் இருக்கின்றன. ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் அந்த வகைப் புத்தகங்களுக்கெல்லாம் 'புளோஸ் சாங்க்டோரும்' என்றே பேராகிவிட்டது. ஹென்ரிக்கஸ் அந்தப் பெயரைத் தமிழுக்கும் அப்படியே கொண்டுவந்தார். தன் தலைவருக்குப் பலித்த மருந்து தன் சனங்களுக்கும் பலிக்காதா என்று அவர் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

இனி அச்சு. கோவாவுக்கு முதல் அச்சு இயந்திரம் 1556இல் வந்தது. அபிசீனியாவுக்குப் போக வேண்டியது, வழியில் கோவாவிலேயே தங்கிவிட்டது. ஆனால் எழுத்தெல்லாம் ரோமன். தமிழ்ச் சொற்கள் அதற்கு முன்பே, 1554இல், லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சாகியிருந்தன. அந்தச் சிறு வேதபாடப் புத்தகத்தை ஆக்கியவர்கள் வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா த குருஸ் என்ற மூவர். பெயரில் போர்த்துக்கீசியர், பிறப்பில் தமிழர். தமிழ் எழுத்தை முதலில் வார்த்தவர் ஜோவான் கொன்சால்வஸ் என்ற ஸ்பானியச் சகோதரர். 1577இல் கோவாவில் நடந்த அந்த வேலைக்குத் துணை நின்றவர் பேரோ லூயிஸ். பிராமணராகப் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர் அவர். எழுத்து திருப்தியாக அமையவில்லை. மறுவருடம் கொல்லத்தில் ஜோவான் த ஃபாரியா வேறு எழுத்து வார்த்தார். இவர் கட்டடக் கலைஞரும்கூட. 'தம்பிரான் வணக்கம்' கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்து, கொல்லம் எழுத்து இரண்டையும் வரிசையாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். இதைவிட அதைப் பாருங்கள் என்று தொழிற்காரன் தன் கைவேலையை நீட்டுவது அதில் தெரிகிறது.

அச்சுச் செலவுக்குப் பரதவர்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவது வழக்கம். ஆனால் யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த ஒரு சமூகம், கடலில் மூச்சைப் பிடித்துச் சம்பாதித்த காசை, தாங்கள் படிக்க முடியாத ஒரு பொருளுக்குக் கொடுத்தது. முத்துக்கு இருந்த விலை புத்தகமாயிற்று. தமிழ் அச்சின் முதல் புரவலர்கள் அரசர்களோ ஆதீனங்களோ அல்லர், சிப்பி எடுத்தவர்கள். தமிழ் அச்சு வரலாறு பேசும் மேடைகளில் பாதிரியாருக்கு மாலை போட்டுவிட்டு இவர்களை மறந்துவிடுகிறோம்.

படிக்கத் தெரியாதவர்களுக்குப் புத்தகம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றால், காது வழியாகத்தான். ஒருவர் வாசிக்க ஊர் கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. பாரதத்தையும் இராமாயணத்தையும் நாம் அப்படித்தான் கேட்டிருக்கிறோம். ஒரு வித்தியாசம். இங்கே வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் செய்யுளைப் பிரித்துப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. பேசுகிற தமிழே பக்கத்தில் இருந்தது.

வாசிப்பவர் பாடுதான் திண்டாட்டம். அந்த நாள் ஏட்டு வழக்கப்படி அச்சிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஒகரங்களில் நெடில், குறில் வேற்றுமை தெரியாது. அதற்கு வழி செய்தவர் வீரமாமுனிவர், அவர் வர இன்னும் நூற்றிருபது வருடம் ஆக வேண்டும். போதாக்குறைக்குப் போர்த்துக்கீசியச் சொற்களும் லத்தீன் பெயர்களும் அப்படியே தமிழ் எழுத்தில் வரும். இன்றைய கண்ணுக்கு ஒரு பக்கம் படிக்கவே நேரம் பிடிக்கும். பழகிய கணக்கப்பிள்ளைக்கு அது ஓடியிருக்கும்.

இந்த மண்ணுக்கு அடியார் கதை புதிதா என்றால், இல்லை. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே குயவரையும் வேடரையும் வண்ணாரையும் வரிசையில் நிறுத்திப் பாடிவிட்டார். நாகப்பட்டினத்து நுளையர் தலைவர் அதிபத்தரும் அதில் உண்டு. நாள்தோறும் படும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுகிறவர். பட்டினி கிடந்த நாளில் ஒரே ஒரு மீன் பட்டது, அதுவும் பொன் மீன். அதையும் விட்டார். இந்தக் கதை ஊறிய மண்ணில்தான் பேதுருவின் கதையும் வந்து விழுந்தது. புன்னைக்காயல்காரர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்களா என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஒரு சாதாரண ஆள், தன் தொழிலை விடாமலே கடவுளுக்குச் சொந்தமாகலாம் என்பது அவர்கள் காதுக்கு அந்நியமாக இருந்திருக்க முடியாது.

புகழ்ச்சி போதும், குறையும் சொல்ல வேண்டும். இந்த வகைப் புத்தகங்களில் வரலாறும் கட்டுக்கதையும் கலந்து கிடக்கும். வெட்டுண்ட தலை பேசும், சிங்கம் காலடியில் படுக்கும். திருச்சபையே 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது கிறிஸ்தோப்பர், பார்பரா போன்றோரின் திருநாட்களைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டாவது குறை எனக்குப் பெரிதாகப் படுவது. அந்தக் கதை மரபில் வருகிறவர்கள் எல்லாம் தூரத்து மனிதர்கள். ரோமாபுரி, எகிப்து, ஸ்பெயின். கரை கண்ணால் பார்த்த சவேரியாருக்கே இடமில்லை. 1552இல் இறந்தவர், 1622இல்தான் புனிதரானார். அதே நாளில்தான் இஞ்ஞாசியாரும். கிரிமினாலிக்கு இன்றுவரை அந்தப் பட்டம் இல்லை. மன்னாரின் 600 பேருக்கும் இல்லை. சட்டப்படி புனிதராகாதவரைப் புனிதர் வரிசையில் சேர்க்க முடியாது, சரிதான். ஆனாலும் வேதாளையை அறிந்த மனிதர் அதை விட்டுவிட்டு ரோமாபுரிச் சாவுகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது கை நிற்கவே இல்லையா என்று தோன்றுகிறது.

அவர் தலைமுடி நரைத்த பிறகு இன்னொன்றும் நடந்தது. 1593இல் இயேசு சபையின் பொதுப் பேரவை யூத வம்சத்தவரை இனிச் சபையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. இஞ்ஞாசியார் இறந்து அப்போது 37 வருடம். சபைக்காக இந்தக் கரையில் 46 வருடம் உழைத்து, தமிழுக்கு இலக்கணமும் நான்கு அச்சுப் புத்தகமும் தந்த கிழவர், அன்றைய விதிப்படி வந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார். அந்தத் தீர்மானம் முழுதாக நீங்கியது 1946இல். ஹென்ரிக்கஸ் 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கினார்கள்.

அவரோடு கரையின் அச்சும் ஓய்ந்தது. அடுத்த தமிழ் அச்சு 1670களின் கடைசியில் மலையாளக் கரையில் அம்பழக்காட்டில்தான். அதற்கு முன்பே, 1658இல், டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையினர். சுரூபமும் செபமாலையும் அவர்களுக்கு ஆகாது. பால்தேயுஸ் என்ற அவர்களது போதகர் பரதவர்களைத் தம் பக்கம் இழுக்கப் பார்த்துத் தோற்றுப்போய், இவர்கள் பழைய பழக்கத்தை விடுவதாயில்லை என்று எழுதிவைத்தார். முத்துக் குளிக்க உரிமை தருகிறவன் டச்சுக்காரன். அவன் மதத்துக்குப் போனால் லாபம். நூறு வருடத்துக்கு முன்னால் இதே கணக்கைப் போட்டு மதம் மாறியவர்களின் பேரப்பிள்ளைகள், இந்தமுறை கணக்குப் போடவில்லை. நடுவில் என்ன மாறியது? பெயர்களுக்குள் கதை நிறைந்திருந்தது என்பது என் ஊகம். ஒரு புத்தகத்தால் மட்டும் அது நடந்திருக்காது. புத்தகத்தையும் விடாமல் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கதைகள் பிறகு தாளை விட்டுப் பாட்டுக்குப் போயின. 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 'சந்தியோகுமையோர் அம்மானை' பாடினார். வீரமாமுனிவர் சூசையப்பருக்குத் 'தேம்பாவணி' பாடினார், போர்த்துக்கல் நாட்டுக் கித்தேரியம்மாளுக்கு அம்மானை பாடினார். வாசகப்பா என்றும் நாட்டுக்கூத்து என்றும் இரண்டு கரையிலும் புனிதர்கள் இரவு முழுக்க மேடையேறினார்கள். எஸ்தாக்கியார் என்ற புனிதரின் கூத்தைப் பார்த்து அழாத மன்னார்க் கிழவிகள் குறைவு.

தாய்ப் புத்தகம் மட்டும் கரையிலிருந்து காணாமற்போனது. உப்புக்காற்றும் கரையானும் போக மிச்சத்தை நாமும் பேணவில்லை. ஆதித் தமிழ் அச்சுப் புத்தகங்கள் இன்று லிஸ்பன், ஹார்வர்டு, பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு என்று சிதறிக் கிடக்கின்றன. 'புளோஸ் சாங்க்டோரும்' படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் பிழைத்தது. ஐரோப்பிய நூலகங்களில் இவற்றையெல்லாம் தேடித் தமிழர் கண்ணில் காட்டியதில் பெரும் பங்கு தனிநாயகம் அடிகளுக்கு. ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொனில் பிறந்து, தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாகி, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் அவர் தொடங்கியது. பாளையங்கோட்டைப் பேராசிரியர் ச. இராசமாணிக்கம் அடிகள் பழைய அச்சைப் படித்துப் புள்ளியிட்டுப் பதிப்பித்தபோது, அந்தக் கழகம்தான் 1967இல் அதை வெளியிட்டது. 'அடியார் வரலாறு' என்று தமிழ்ப் பெயரும் கிடைத்தது. பிறந்த கரைக்கு 381 வருடம் கழித்து வந்து சேர்ந்தது. அன்று கரையில் முத்துக் குளிப்பு நின்றுபோயிருந்தது. கடைசிச் சலாபம் 1961.

இந்த மண்ணில் பிறந்த ஒருவர் அந்த வரிசையில் சேர இன்னும் 55 வருடம் ஆயிற்று. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் திருவிதாங்கூர்ச் சேவகர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது 2022 மே 15இல். தெற்குச் சனங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவர் கதையை வாசகப்பாவாகக் கட்டி எப்போதோ ஆடத் தொடங்கிவிட்டார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கவும் தொடங்கிவிட்டார்கள். 1536இல் வைத்த பெயர்களைப் போலில்லை. இந்தப் பெயர் யாருடையது என்று வைத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.